தீபாவளி மட்டன் மிஞ்சினால்: அடுப்பை அணைத்த பிறகு முதல் இரண்டு மணி நேரம்

தீபாவளிக்கு முதல் நாள் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போய் நாலு கிலோ மட்டன் வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, அடுப்படி சின்னது. ஆனால் அன்றைக்கு மட்டும் முப்பது பேருக்குச் சமைப்பேன். மட்டன் குழம்பு, கோழிப் பிரட்டல், பிரியாணி. எவ்வளவு அளந்து போட்டாலும் மிஞ்சும். மிஞ்சுகிற கறியை எப்படி எடுத்து வைப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

ஒரு தீபாவளி அந்த நினைப்பைக் கலைத்தது. காலை பத்து மணிக்கு இறக்கிய மட்டன் குழம்பு நாள் முழுக்க அடுப்பு மேலேயே மூடியிருந்தது. விருந்தாளிகள் வர வர, எடுத்துப் பரிமாறினோம். இரவில் அலுப்பு, அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் ஒரு கொதி விட்டு மூடினேன், எங்கள் அம்மா செய்த மாதிரியே. இரவு எட்டு மணிக்கு லேசாகச் சூடுபண்ணி அத்தைக்கு இட்லியோடு கொடுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 76 வயது. நிற்காத வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் மருத்துவமனையில் டிரிப்ஸ். “நேற்று என்ன சாப்பிட்டார்?” என்று டாக்டர் கேட்டார். “கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன்” என்றேன். “கொதிக்க வைத்த பிறகு எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது?” என்றார். பன்னிரண்டு மணி நேரம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் நான் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சமையலில் கை வைப்பவர்கள் எல்லாரும் உணவுச் சுகாதாரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அங்கே கற்றதையும் பிறகு வீட்டில் நானே அளந்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் கெடுகிறது என்பது. இறைச்சியில் சில கிருமிகள் வித்து மாதிரி ஒரு கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். குழம்பு தளதளவென்று கொதித்தாலும் அந்த வித்து சாகாது. குழம்பு ஆறத் தொடங்கியதும் அது முளைத்துப் பெருகும். குழம்பையும் பிரட்டலையும் பிடித்துக்கொள்ளும் குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு 43 முதல் 47 டிகிரி வரைதான் கொண்டாட்டம். காற்றுப் புகாத இடம் அதற்குப் பிடிக்கும். பெரிய பானையின் அடியும் நடுவும் அதற்கென்றே செய்தது போல இருக்கும். பொதுக் கணக்காக, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது. நம் ஊர் அடுப்படி எப்போதும் 30 டிகிரி. வெளியில் வைத்த குழம்பு எவ்வளவு ஆறினாலும் அந்த எல்லைக்குள்ளேயேதான் நிற்கும்.

அடுத்த தீபாவளிக்கு, கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். குழம்புப் பானையை வேண்டுமென்றே மூடி வைத்து அளந்தேன். பத்து மணிக்கு அடுப்பை அணைத்தபோது 97. பன்னிரண்டு மணிக்கு 62. இரண்டு மணிக்கு 46. மாலை ஐந்து மணிக்கும் 36. எல்லாரும் சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்த அந்த மூன்று நான்கு மணி நேரமும் பானைக்குள் கிருமிக்கு நல்ல நேரம். அந்தப் பானையில் இருந்ததை யாருக்கும் கொடுக்கவில்லை. அதே குழம்பில் பாதியை அடுப்பிலிருந்து இறக்கியதுமே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறியிருந்தேன். அரை மணி நேரத்தில் அது 27-க்கு வந்துவிட்டது.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். மிஞ்சிய கறி நல்லதா கெட்டதா என்பதை ஃபிரிட்ஜ் முடிவு செய்வதில்லை. அடுப்பை அணைத்த பிறகு முதல் இரண்டு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது.

ஆற வைப்பது

இப்போதெல்லாம் பரிமாறும் முன்பே மிஞ்சப் போவதை ஒதுக்கிவிடுகிறேன். இறக்கியதும் சுத்தமான, காய்ந்த கரண்டியால் பாதியை எடுத்து, இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றுவேன். சிங்க்கில் ஓட்டையை அடைத்து மூன்று அங்குலம் தண்ணீர் நிரப்பி, ஃப்ரீசரில் உறைய வைத்த அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் நாலைந்தை அதில் போடுவேன். தட்டுகளை அந்தத் தண்ணீரில் உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிவிடுவேன். புட்டிகளைக் கழுவித் துடைத்து மறுபடியும் ஃப்ரீசரில் போட்டால் அடுத்த வாரத்துக்கும் ஆகும். ஐஸ் வாங்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் தட்டுகளை மூட வேண்டாம், ஆவி போகட்டும். ஈ வந்தால் மெல்லிய துணி போதும்.

தட்டின் பக்கவாட்டைத் தொட்டால் கை சுடவில்லை என்றால் ஃபிரிட்ஜுக்குப் போகலாம். “சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும்” என்று சொல்லி ராத்திரி பன்னிரண்டு வரை காத்திருப்பவர்கள் நிறைய. இளஞ்சூடாக, மெல்லிய தட்டில் வைப்பதால் ஒன்றும் ஆகாது. முழுப் பானையையும் கொதிக்கக் கொதிக்க உள்ளே தள்ளினால்தான் வம்பு. பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், பானையின் நடுவோ விடியும் வரை ஆறாது.

மேசையில் பரிமாறி, பலர் கரண்டி போட்டு, மூன்று மணி நேரம் இருந்த கறியை நான் எடுத்து வைப்பதே இல்லை. மனது வலிக்கும், மட்டன் விற்கும் விலைக்கு. ஆனாலும் கொட்டிவிடுவேன். கையிலிருந்து ஏறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விட்டுப் போகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. பிரியாணிச் சோற்றுக்கு வேறொரு கிருமி, பேசிலஸ் சீரியஸ். வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சும் அப்படித்தான். இரண்டிலும் வாசனை மாறாது, நாக்கில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. “மோந்து பார், நன்றாகத்தானே இருக்கிறது” என்ற பேச்சை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்.

“அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜா இருந்தது?” என்று என் நாத்தனார் கேட்பார். இல்லைதான். அதனால்தான் பாட்டிமார் கறியை உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காய வைத்து உப்புக்கண்டம் போட்டார்கள். ஈரத்தை எடுத்துவிட்டால் கிருமிக்கு வாழ்வு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழம்பு அப்படி இல்லை, அது முழுக்க ஈரம்.

ஃபிரிட்ஜில்

ஃபிரிட்ஜ் உண்மையிலேயே 4 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே திருகும் பட்டனில் இருக்கும் 1, 2, 3 டிகிரிக் கணக்கு இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி நடுத்தட்டில் ஓர் இரவு வைத்தால் காலையில் தெரிந்துவிடும். என்னுடையது 8 டிகிரி காட்டியது. கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன், தடையே இல்லாமல் வந்துவிட்டது. ரப்பரை மாற்றிய பிறகு 3 டிகிரிக்கு இறங்கியது.

சமைத்த கறி மேல்தட்டில் அல்லது நடுத்தட்டில், உள்பக்கமாக. கதவில் வைக்க வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கேதான் சூடேறும். பச்சை இறைச்சியும் மீனும் எப்போதும் அடித்தட்டில், விளிம்பு உயர்ந்த தட்டுக்குள். ஒரு சொட்டு மேலிருந்து சமைத்ததில் விழுந்தால் போதும். 2009-இல் கேலாங் சிராயில் ரோஜாக் என்ற கலவைப் பண்டம் சாப்பிட்ட 150 பேருக்கு மேல் நோயுற்று, இருவர் உயிரிழந்தது இங்குள்ள மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த பண்டங்களுக்குக் கிருமி தாவியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

நாள் கணக்கு: மட்டன், கோழி, மாடு எதுவானாலும் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். பிரியாணியில் சோறும் கலந்திருப்பதால் மறுநாளே தீர்த்துவிடுகிறேன். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் கவனம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெல்ல வளரும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. என் மருமகள் முழுகாமல் இருந்தபோது பழையது எதையும் நன்றாகக் கொதிக்க வைக்காமல் அவளுக்குக் கொடுத்ததில்லை.

ஃப்ரீசரில்

மூன்று நாளில் தீராது என்று தெரிந்தால் முதல் நாளே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். மூன்றாம் நாள் சலித்துப்போய் உறைய வைப்பதில் பயனில்லை. ஏனென்றால் உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். மைனஸ் 18 டிகிரியில் எத்தனை மாதமானாலும் நோய் தராது. ருசிதான் குறையும். குழம்பு மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும். உலர்ந்த வறுவல் ஒரு மாதத்திலேயே நார் நாராகிவிடும், கறித்துண்டு குழம்பில் மூழ்கியிருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவை ஜிப் பையில் ஊற்றி, காற்றைத் தடவி வெளியேற்றி, தட்டில் படுக்க வைத்து உறைய விடுவேன். உறைந்ததும் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். நம் வீட்டுச் சின்ன ஃப்ரீசரில் டப்பாவைவிட இதுதான் இடம் பிடிக்காது, சீக்கிரம் உருகவும் உருகும். டப்பாதான் என்றால் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள், குழம்பு உறையும்போது உப்பும். கடையில் தபாவ் (பார்சல்) வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள் விரிசல் விடும், அவற்றை நான் இதற்கு எடுப்பதில்லை. மாஸ்கிங் டேப்பில் பெயரும் தேதியும் எழுதி, உறைவதற்கு முன்பே ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டாது.

உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், உறைந்தால் மணல் மாதிரி ஆகும். முட்டை ரப்பராகும். தேங்காய்ப்பால் ஊற்றிய குருமா உருகும்போது திரிந்தது போலத் தெரியும். கெட்டுப்போகவில்லை, சிறு தீயில் கிளறினால் சேர்ந்துகொள்ளும்.

எடுத்துச் சாப்பிடும்போது

முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றி வைப்பதுதான் நல்ல வழி. காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் சிங்க்கில் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். மறந்துவிட்டால், பையை ஒரு நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டி, கட்டியாகவே சட்டியில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடிச் சூடாக்கலாம்.

சூடு என்றால் ஓரத்தில் குமிழி வருவது மட்டும் போதாது. நடுவிலும் கொதித்து, கறித்துண்டின் உள்ளே 75 டிகிரி தாண்ட வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்திருக்கும். மூடி போட்டு, பாதியில் நிறுத்திக் கிளறி, எடுத்த பிறகு இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். வேண்டியதை மட்டும் சூடாக்குங்கள். ஒரு முறை சூடாக்கி மிஞ்சியதை நான் மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்புவதில்லை.

விருந்தாளிகளுக்குக் கட்டிக் கொடுப்பதிலும் மாறிவிட்டேன். ஜூரோங்கிலிருந்து வரும் என் தம்பி ஈசூனிலிருந்து வீடு போய்ச் சேர, எம்ஆர்டி ரயிலும் பேருந்துமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். சூடான குழம்பை டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் போய்ச் சேரும்போது நான் மேலே சொன்ன 46 டிகிரியை நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருக்கும். அவனுக்கு இப்போதெல்லாம் உறைந்த பொட்டலம்தான், குளிர்ப்பையில் ஒரு ஐஸ் புட்டியோடு. முதல் வருடம் “என்னக்கா, கல்லாகக் கொடுக்கிறாய்” என்றான். இப்போது தானே பை கொண்டு வருகிறான்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் இருபது காசு நாணயம் ஒன்றை வைத்து ஃப்ரீசரில் விட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் பனிக்கட்டியின் மேலேயே இருந்தால் ஃப்ரீசர் தொடர்ந்து ஓடியிருக்கிறது. கிண்ணத்தின் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நாளில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கறி பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படியே குப்பைக்கு.