சோலார் மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடலோர ஊருக்குச் சோலார் குடிநீர் ஆலை என்றதும், "எத்தனை பேனல் போடலாம்?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. முதல் தவறே அங்கேதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஊர்க் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தாலும் பெரும்பாலும் 2, 3 கிராம்தான். அதைச் சுத்தமாக்க மின்சாரம் மிகக் குறைவாகவே போதும்.

கடல்நீரை விட்டால் வேறு வழியில்லையா? சரி, கணக்குப் போடுவோம். உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியாக நீரை அதிக அழுத்தத்தில் தள்ளுவதுதான் ஆர்.ஓ. முறை. இதில் 1,000 லிட்டர் நன்னீருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். அதுவும், வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தைத் திரும்பப் பயன்படுத்தும் கருவி இருந்தால்தான். சின்ன ஆலைகளில் பணத்தை மிச்சம் பிடிக்க அதைத்தான் முதலில் கழிக்கிறார்கள். மின்செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட்தான் தரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. இராத்திரியும் ஆலை ஓட வேண்டும் என்று பெரிய பேட்டரி வாங்கிவிட்டு, சில வருடத்தில் மாற்றப் பணமில்லாமல் நிற்க வேண்டாம். பகலில் ஓட்டுங்கள், தண்ணீரைத் தொட்டியில் சேமியுங்கள். தொட்டிதான் மலிவான பேட்டரி. பெரிய ஆலைக்கு வழி வேறு: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2006-இல் தொடங்கிய ஆலை பொது மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிறது, அதற்கு ஈடான மின்சாரத்தை எமு டவுன்ஸ் காற்றாலைகள் கட்டமைப்புக்குள் அனுப்புகின்றன.

ஆனால் பகலில் மட்டும் ஓடும் ஆலையில் ஒரு வேலையை மறக்கவே கூடாது. சாயங்காலம் பம்ப் நின்றதும், மெம்பிரேன் குழாய்க்குள் செறிந்த உப்புநீர் அப்படியே தங்கிவிடும். விடிவதற்குள் உப்பு படியும், கிருமிகள் வழவழவென்று படலம் கட்டும். தினமும் நிறுத்தும்போது தயாரித்த நன்னீரையே கொஞ்சம் உள்ளே விட்டு அலச வேண்டும். "நல்ல தண்ணியை ஏன் வீணாக்கணும்?" என்று ஆபரேட்டர் இதை விட்டுவிடுவதுண்டு. அப்புறம் மெம்பிரேனே போய்விடும். அவருக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் தானாகவே அலசும் வால்வு வையுங்கள்.

இன்னொன்று. 100 லிட்டர் கடல்நீரில் கிடைக்கும் நன்னீர் சுமார் 40 லிட்டர்தான். மீதி 60 லிட்டரும் கடலைவிட உப்பானது. அதைக் கரையில் குழி வெட்டி விட்டால் பக்கத்துக் கிணறுகள் கெடும். அலை நன்றாகக் கலக்கும் இடம் வரை குழாய் போடும் செலவையும் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.