வெயில், வெள்ளம், சுவர்: உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சித்திரை பிறந்தால் எங்கள் ஈரோட்டுப் பக்கம் மூலைக்கு மூலை நீர்மோர்ப் பந்தல் முளைத்துவிடும். நல்ல காரியம்தான். நானும் நண்பர்களும் இரண்டு வருடம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் போட்டோம். மோர் குடித்தவர்களில் பாதிப் பேர் பைக்கில் வந்தவர்கள். அரை கிலோமீட்டர் தள்ளி விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. தறியை நிறுத்திவிட்டு மோர் குடிக்க யார் வருவார்கள்? நம் கண்ணில் படுகிற இடத்தில் உதவியை வைப்பதுதான் முதல் தவறு.

சரி என்று மறு வருடம் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே தண்ணீர் கேன்களைக் கொண்டுபோனோம். ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் வாயை நனைத்துக்கொண்டு டம்ளரை வைத்துவிட்டார்கள். ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். "குடிச்சா அப்புறம் எங்க கண்ணு போறது?" என்றார். சுற்றிலும் வெட்டவெளி, ஒரு மறைப்பு இல்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். பனியன் கம்பெனி, செங்கல் சூளை, கட்டட வேலை என்று பல இடங்களில் இதே கதை. ஒதுங்க இடம் இல்லாத இடத்தில் எத்தனை கேன் இறக்கினாலும் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தாலும் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. நாலு கழியும் பழைய தார்ப்பாயும் இருந்தால் தற்காலிக மறைப்பு கட்டிவிடலாம். அதை எங்களுக்கு யோசிக்கத் தோன்றாததற்குக் காரணம், எங்கள் குழுவில் அப்போது ஒரு பெண்கூட இல்லை.

அடுத்தது, பகல் வெயிலை மட்டும் கணக்கில் வைப்பது. கோடையில் அன்றைக்கு அதிக வெப்பம் பதிவான ஊர்கள் பட்டியலில் ஈரோடும் கரூர் பரமத்தியும் அடிக்கடி வரும். அந்த அளவு, காற்றோட்டமான நிழல் பெட்டிக்குள் எடுப்பது. சிமென்ட் அட்டைக் கூரை போட்ட லைன் வீட்டுக்குள் (வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடு) இருக்கிற சூடு அதில் தெரியாது. பகலில் வாங்கிய சூட்டைக் கூரையும் சுவரும் இருட்டிய பிறகும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ராத்திரி உடம்பு ஆறாவிட்டால் மறுநாள் ஷிப்டுக்குப் பாதி உயிரோடுதான் போக வேண்டும். மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அது அனல்காற்றைத்தான் வீசும், உடம்பில் ஈரத்துணி போட்டுக்கொண்டால்தான் பிரயோசனம். செலவு குறைந்த வழி, கூரைக்கு மேலே வெள்ளை அடிப்பது. ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வெயிலில் விழுந்தவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதும், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. சாவுக்கு வெயில்தான் காரணம் என்று மருத்துவர் எழுதாமல் அடக்கம் முடிந்துவிட்டால், குடும்பம் எதைக் காட்டி அந்தப் பணத்தைக் கேட்கும்?

"நம்மூர் வறண்ட பூமி, வெள்ளம் எங்கே வரப்போகுது?" என்பது இன்னொன்று. எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தோரம்தான் ஏழைக்குக் கிடைக்கிற இடம். 2011 நவம்பரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருகித் திருப்பூரில் வீடுகளுக்குள் புகுந்தன. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, பவானியிலும் குமாரபாளையத்திலும் காவிரிக் கரைக் குடும்பங்கள் முகாம்களுக்குப் போனார்கள். மழை பெய்ததோ காவிரிக்குத் தண்ணீர் வரும் குடகிலும் வயநாட்டிலும். ஆகவே தலைக்கு மேலே மேகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் முன்கூட்டியே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நெசவாளி வீடென்றால் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்), மற்ற நூல் எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும். நனைந்த பாவுக்கு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள்.

வீட்டை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டை ஒட்டி நிற்பதைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் சரிந்து, பக்கத்துப் பட்டியலினக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் அவர்களுடையது இல்லை. ஐப்பசிக்கு முன்பே பக்கத்துச் சுவர்களையும் பார்த்து, விரிசல், சாய்வு, தண்ணீர் வடிய ஓட்டை இல்லாமை எதுவானாலும் எழுத்தில் மனு கொடுங்கள், போட்டோவோடு.

மரம் நடுவது பற்றி ஒரு வரி: ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக நட்டால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கன்று வாடிப்போகும். எங்களுக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில்தான்.

கடைசியாக மொழி. புயல் எச்சரிக்கை ஒன்றைத் தமிழில் மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோம். வடமாநிலத் தொழிலாளர்கள் யாரும் படிக்கவில்லை. பிறகு ஒரு பீகார்த் தம்பியைக் கெஞ்சி இந்தியில் பேசிப் பதிவு செய்து அனுப்பினோம். அதே லைன் வீட்டில் இருந்த ஒடிசாப் பெண்களுக்கு அதுவும் சரியாகப் புரியவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.