துருவேறிய கார் கதவு ஸ்க்ரூவைக் கழற்ற

பழைய காரின் கதவுக் கீல் ஸ்க்ரூ துருவேறி இறுகியிருந்தால் சாதாரண ஸ்க்ரூடிரைவரோடு மல்லுக்கட்டாதீர்கள். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் போடுங்கள். ஒவ்வொரு அடியும் கருவியின் முனையான பிட்டை ஸ்க்ரூவின் தலைக்குள் அழுத்திக்கொண்டே திருப்புவதால் அது பள்ளத்திலிருந்து வழுக்காது, அதிர்வில் துருவின் பிடியும் விடும். பிட் அளவு கச்சிதமாக இருக்கவேண்டும், அதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள். மும்பையின் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு இந்தக் கருவி நிச்சயம் உதவும். அங்கே கருவிகள் விற்கும் நாக்தேவி தெருக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தலை ஏற்கெனவே தேய்ந்து உருண்டுபோன ஸ்க்ரூவுக்கு இது பலிக்காது, டிரில்லால் துளைத்துத்தான் எடுக்கவேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி, மெல்லிய தகடு இருக்கும் இடத்தில் சுத்தியலே வேண்டாம்.