லென்ஸ் சொல்யூஷன்: டப்பாவில் நேற்றைய மிச்சம் வேண்டாம்

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ராத்திரி டப்பாவில் இருக்கிற பழைய சொல்யூஷனை என்ன செய்கிறீர்கள்?" என்றுதான். "பாதி இருக்கும், மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன்" என்பதுதான் பலருடைய பதில். பாட்டில் விலையைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது புரிகிறது. ஆனால் லென்ஸ் விஷயத்தில் இதைவிட மோசமான சிக்கனம் இல்லை.

சொல்யூஷனில் இருப்பது கிருமிநாசினி. ஒரு ராத்திரி முழுக்க லென்ஸோடு கிடக்கும்போது அதில் ஒரு பகுதி கிருமிகளைக் கொல்வதில் செலவாகிறது, இன்னொரு பகுதி அழுக்கிலும் லென்ஸிலும் ஒட்டிக்கொள்கிறது. காலையில் மிஞ்சியிருக்கும் நீருக்கு நேற்றைய வீரியம் கிடையாது. அதன்மேல் புதிதாக ஊற்றினால் புதியதும் நீர்த்துப்போகும். நாட்பட்ட டப்பாவின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள், வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படலாம். கிருமிகள் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட கூடு அது. அதற்குள் சொல்யூஷன் எளிதில் புகாது.

2006-இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா எனப் பல இடங்களில் லென்ஸ் போட்டவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றால் கருவிழியில் புண் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்களும் உண்டு. 'ரெனியூ வித் மாய்ஸ்சர்லாக்' என்ற சொல்யூஷனோடு அதற்குத் தொடர்பு தெரிந்து, அது உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டே அகந்தமீபா என்ற ஒரு செல் உயிரி வேறொரு சொல்யூஷன் பயன்படுத்தியவர்களின் கண்ணைத் தாக்கியது, அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டாவது விசாரணையில், மிச்சத்தின்மேல் ஊற்றிக்கொள்ளும் பழக்கமும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவந்தது.

அகந்தமீபா இருப்பது தண்ணீரில். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், மொட்டைமாடி டேங்க், நீச்சல்குளம் எதிலும் இருக்கலாம். பெரும்பாலும் நமக்கு அந்தத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, லென்ஸில் ஒட்டினால் வினை. சூழல் சரியில்லையென்றால் தன்னைச் சுற்றி கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு ஒடுங்கிவிடும், அந்த நிலையில் அதைக் கொல்வது கடினம். அதனால் லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் அலசக்கூடாது. கேன் தண்ணீரும், காய்ச்சி ஆறிய தண்ணீரும், வீட்டில் கலக்கிய உப்புநீரும் கூடாது. கை கழுவினால் ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடவேண்டும்.

வாங்கும்போது நடக்கும் தவறு வேறு. சலைன் பாட்டிலும், லென்ஸை அலசவும் ஊறவைத்துக் கிருமியைக் கொல்லவும் உதவும் மல்டி பர்ப்பஸ் சொல்யூஷனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சலைன் லென்ஸை அலச மட்டும்தான், கிருமியைக் கொல்லாது. அதில் ராத்திரி ஊறவைத்தால் வெறும் உப்புநீரில் போட்ட மாதிரிதான். கண் சொட்டு மருந்தும் இதற்கு மாற்று ஆகாது. கெட்டி லென்ஸுக்கும் சாஃப்ட் லென்ஸுக்கும் தனித்தனிச் சொல்யூஷன் உண்டு, கடையில் கொடுப்பதை அப்படியே வாங்காமல் லேபிளைப் படியுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு வகைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாகச் சுத்தம் செய்யும், பிரிசர்வேட்டிவ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஏற்றது. ஆனால் 3 சதவீதப் பெராக்சைடு நேராகக் கண்ணில் பட்டால் தீயாக எரியும். அதோடு வரும் டப்பாவின் அடியில் பிளாட்டினம் பூசிய சிறு வட்டத் தகடு இருக்கும். அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும், குமிழ் குமிழாக வருவது அதனால்தான். முழுதாக முடியக் குறைந்தது 6 மணி நேரம் ஆகும். சாதாரண டப்பாவில் ஊற்றினால் காலையிலும் அது பெராக்சைடாகவே இருக்கும். அவசரத்துக்கு லென்ஸைக் கழுவிப் போட்டுக்கொள்ளவும் உதவாது. இந்த வகை பாட்டில்களுக்குச் சிவப்பு மூடி வைப்பது எச்சரிக்கைக்காக. வீட்டில் இரண்டு பேர் லென்ஸ் போடுகிறீர்கள் என்றால் இரண்டு வகையையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

'தேய்க்க வேண்டாம்' என்று மல்டி பர்ப்பஸ் பாட்டிலில் போட்டிருந்தாலும் தேய்த்துவிடுங்கள். லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சில சொட்டு விட்டு, விரல் நுனியால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து அலசினால் பாதி அழுக்கு அங்கேயே போய்விடும். காலையில் டப்பாவைக் காலி செய்து, புதுச் சொல்யூஷனால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். பாத்ரூம் வேண்டாம். 3 மாதத்துக்கு ஒருமுறை டப்பாவையே மாற்றுங்கள்.

பாட்டிலைத் திறந்த தேதியை மார்க்கரில் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். திறந்தபின் எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும், காலாவதித் தேதி வேறு, இது வேறு. பயணத்துக்கென்று சின்ன பாட்டிலில் மாற்றி ஊற்றினால் சுத்தம் போயிற்று, கம்பெனியின் சிறிய பாட்டிலையே வாங்குங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விடாதீர்கள்.

கல்யாணத்துக்குக் கலர் லென்ஸ் போட்டவர்கள், ரிசப்ஷன் முடிந்து டப்பாவில் போட்டு, மாதக்கணக்கில் கழித்து அடுத்த விசேஷத்துக்கு அதையே எடுப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். தோழியோடு மாற்றிப் போடுவதும் வேண்டாம்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு தணிந்து சரியான மாதிரி தெரியும், உள்ளே பூஞ்சை வளரும். நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு பெரிய காரணம். போகும்போது கழற்றிய லென்ஸ், டப்பா, சொல்யூஷன் பாட்டில் மூன்றையும் கழுவாமல் அப்படியே ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்க அவை உதவும்.