ஒட்டவா, மாத்தவா? பைக் பஞ்சரானால் முதலில் டயரைப் பாருங்கள்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு சென்னை ஆற்காடு ரோட்டில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது வண்டியின் பின்பக்கம் வால் ஆட்ட ஆரம்பித்தால் இறங்கிப் பார்க்காமலே தெரிந்துவிடும், காற்று போச்சு என்று. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்துவோம், கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு "ஒட்டிடவா சார், டயர் மாத்திடலாமா?" என்பார். வீட்டுக்குப் போனால் போதும் என்று இருக்கும் நேரம், அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். நான் இரண்டு விதமாகவும் ஏமாந்தவன். இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டிய டயரைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், தூக்கிப் போட வேண்டிய மொட்டை டயரில் ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். அதனால் கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயம், காற்று இறங்கியதும் உட்கார்ந்து ஓட்டாதீர்கள். டியூப்லெஸ் டயரில் (உள்ளே தனி டியூப் இல்லாதது) ஆணி குத்தியிருந்தால் அதைப் பிடுங்கவும் கூடாது, அதுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் பக்கத்து பங்க்கில் காற்றுப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஓட்டியே கடைக்குப் போய்விடலாம். டியூப் டயரில் அந்தச் சலுகை கிடையாது. ஆணி குத்தினால் சில நிமிடங்களில் தட்டையாகிவிடும், அப்புறம் அரை கிலோமீட்டர் ஓட்டினாலே டியூப் உள்ளே மடிந்து, கிழிந்து, வால்வு அடியோடு பிய்ந்து வந்துவிடும். தள்ள முடியவில்லையா, இறங்கி நின்று முதல் கியரில் போட்டு லேசாக முறுக்கி வண்டியோடு நடந்து வாருங்கள். உங்கள் எடை அதன்மேல் இல்லாமல் இருந்தாலே பாதி சேதம் குறையும்.

எங்கேயும் ஆணி தெரியவில்லை, ராத்திரி நிறுத்தினால் காலையில் காற்று இல்லை என்றால் அது பஞ்சராகவே இல்லாமல் இருக்கலாம். வால்வு மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் பின் போயிருக்கிறது, மிகச் சின்னச் செலவு. டியூப்லெஸ் வண்டியில் ரப்பர் வால்வின் கழுத்து வெடித்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் விட்டு அலாய் ரிம் வளைந்திருந்தால் டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் காற்று கசியும், அதற்கு டயரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. ரிம்மைத்தான் நிமிர்த்த வேண்டும்.

சரி, நிஜமாகவே பஞ்சர்தான். இப்போது ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். ரோட்டில் படும் நடுப்பகுதியில், ஒரு சின்ன ஆணியோ கட்டுக் கம்பியோ குத்திய ஓட்டை என்றால் ஒட்டலாம். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகக் கிழிந்திருந்தால் ஒட்டுவதை மறந்துவிடுங்கள். சைடுவாலில், அதாவது டயரின் பக்கவாட்டுச் சுவரில் இருந்தால், அது எவ்வளவு சின்ன ஓட்டையாக இருந்தாலும், டயர் மாற்றுவதுதான் வழி. வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வது சைடுவால்தான், அங்கே எந்த ஒட்டும் நிற்காது. பட்டனும் (ரோட்டில் படும் மேட்டு ரப்பர்) சைடுவாலும் சேரும் தோள்பட்டைப் பகுதியும் அப்படித்தான். "அதெல்லாம் நிக்கும் சார், நான் கேரண்டி" என்பார்கள். கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைவில் சாய்ந்து இறங்கும்போது அந்தக் கேரண்டி உங்கள் கூட வராது.

ஓட்டை நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்றால் அடுத்து டயரின் நிலைமை. சைடுவாலில் ஆங்கிலத்தில் டி, டபிள்யூ, ஐ என்ற மூன்று எழுத்தோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன் இடுக்கில் பார்த்தால் ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன். சட்டத்துக்கு அது போதும், ஐப்பசி மழையில் ஓ.எம்.ஆரில் பிரேக் பிடிப்பதற்கு எனக்கு அது போதாது. மேட்டை நெருங்கும்போதே மாற்றிவிடுவேன். தேய்ந்த டயரில் பஞ்சர் அடிக்கடி வருவதற்கும் காரணம் இதுதான், ரப்பர் மெலிந்துபோனால் புது டயரில் பட்டனோடு நின்றிருக்கும் சின்னக் கம்பிகூட நேராக உள்ளே போய்விடும். நான் அந்த மூன்று பஞ்சருக்கும் ரோட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வயதையும் பாருங்கள். சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஐந்து வருஷம் தாண்டிவிட்டதென்றால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சைடுவாலை அழுத்திப் பாருங்கள். ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் நாள் முழுக்க வெயிலில் காயும் வண்டி என்றால் மெல்லிய வெடிப்புகள் கோடு கோடாகத் தெரியும். வெடிப்பு ஆழமாக இருந்தால் பஞ்சர் ஒட்டக் கொடுக்கும் காசு வீண்.

காற்றில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் (சொன்னால் யார் கேட்கிறார்கள்) வெளியே பார்த்து முடிவெடுக்காதீர்கள், டயரைக் கழற்றி உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பாகத் தூள் தூளாக ரப்பர் உதிர்ந்திருந்தாலோ, சைடுவால் சுற்றிலும் நசுங்கிய கோடு விழுந்திருந்தாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ அந்த டயர் செத்துவிட்டது. வெளியே பளபளவென்று இருக்கும், நம்பாதீர்கள்.

ஒட்டுவது என்று முடிவானால் எப்படி ஒட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். டியூப்லெஸ்ஸில் சாதாரணமாகச் செய்வது ஸ்ட்ரிப், அரம் மாதிரி கம்பியால் ஓட்டையைத் தேய்த்துவிட்டு, பசையில் தோய்த்த ரப்பர் துண்டை வெளியிலிருந்தே திணிப்பார்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிஷ வேலை, எங்கள் பக்கம் 100 முதல் 150 ரூபாய் வாங்குகிறார்கள். டயர் கம்பெனிகள் இதைத் தற்காலிக வேலை என்றுதான் சொல்கின்றன. ஆனால் ஊரில் பாதிப் பேர் இதை வைத்தே டயர் தேயும்வரை ஓட்டுகிறார்கள், நானும்தான், பின் சக்கரத்தில் நடுவில் ஒரே ஒரு சின்ன ஓட்டை என்றால். முன் சக்கரம் என்றால் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முன்னால் திடீரென்று காற்று இறங்கினால் ஹேண்டில் நம் கையில் இருக்காது. அதற்கு மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். டயரைக் கழற்றி உள்ளிருந்து, குடைக் காளான் வடிவத்தில் ஓட்டையை நிரப்பி உட்புறமும் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் அது. காசு கூடத்தான், எல்லாக் கடையிலும் இருக்காது, ஆனாலும் டயரின் உட்புறத்தைப் பார்க்க அதுவே ஒரு வாய்ப்பு. அடிக்கடி பைபாஸில் எண்பது, தொண்ணூறு என்று போகிறவர்களுக்குப் பின் சக்கரத்துக்கும் இதையேதான் சொல்வேன். ஏற்கெனவே ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை வந்திருந்தால் ஒட்டாமல் மாற்றிவிடுங்கள்.

டியூப் டயரில் கணக்கு வேறு. அங்கே டயரை அல்ல, பெரும்பாலும் டியூபைத்தான் ஒட்டவா மாத்தவா என்று முடிவு செய்கிறோம். வால்வின் அடியில் கிழிந்திருந்தால், மடிப்பில் நீளமாகப் பிளந்திருந்தால், மூன்று நான்கு ஒட்டு ஏற்கெனவே இருந்தால் புது டியூப். மற்றபடி ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றை மறக்காதீர்கள்: டியூபை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குத்திய ஆணியின் முனை உள்ளேயே நின்றிருந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் அதே இடத்தில் மறுபடி குத்தும்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. பெரும்பாலான பஞ்சர் கடைக்காரர்கள் நேர்மையானவர்கள், நடு ராத்திரியில் கம்ப்ரசரை ஓட்டி நம்மை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். ஆனால் ஒரு தடவை நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு பஞ்சர் ஐந்து பஞ்சராகியிருந்தது. அன்றிலிருந்து பக்கத்திலேயே நிற்கிறேன். சோப்புத் தண்ணீர் ஊற்றும்போது குமிழி எங்கே வருகிறது என்று நான் பார்த்த ஓட்டைக்குத்தான் காசு. பிடுங்கிய ஆணியையும் கையில் வாங்கிப் பார்த்துவிடுவேன். "டியூப்லெஸ்லயே டியூப் போட்டுத் தரேன்" என்றால், வீடு போய்ச் சேர ஒரு வழி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடாகும், ஆணி குத்தினால் பட்டென்று காற்று போகும், டியூப்லெஸ் வாங்கியதன் பயனே அங்கே போய்விடும்.

மாற்றுவது என்று முடிவானால் ராத்திரியே மாற்ற வேண்டும் என்று இல்லை. முடிந்தால் ஒட்டோ டியூபோ போட்டு மெதுவாக வீட்டுக்குப் போய், மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கமோ உங்கள் ஏரியா டயர் கடைக்கோ போய் நாலு விலை கேளுங்கள். பழைய டயரில் 100/90-17 என்பது போல இருக்கும் அளவை அப்படியே வாங்குங்கள், பார்க்கக் கெத்தாக இருக்கிறது என்று அகலமானதைப் போட்டால் செயின் கவரில் உரசும், மைலேஜும் குறையும். புது டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள், இரண்டு வருஷம் கடையில் தூங்கியதைப் புதுசு என்று தருவதும் உண்டு. டியூப்லெஸ் என்றால் கூடவே வால்வையும் மாற்றிவிடுங்கள். சைடுவாலில் இருக்கும் அம்புக்குறி வண்டி ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று கவனியுங்கள், அவசரத்தில் திருப்பி மாட்டியதை நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன். புது டயர் வழவழவென்று இருக்கும், முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காதீர்கள்.

ஒட்டினாலும் மாற்றினாலும் மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் காற்றை அளந்துவிடுங்கள். எவ்வளவு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும். சூடான டயரில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதனால் காலையில்தான் சரியாகத் தெரியும். ராத்திரி பிடித்ததைவிட ரொம்பவே குறைந்திருந்தால் ஒட்டு கசிகிறது என்று அர்த்தம். ஒட்டிய கடைக்கே போங்கள், பெரும்பாலும் காசு கேட்காமலே மறுபடி பார்த்துத் தருவார்.