முதலில் விரல், அப்புறம் குழாய்: வீட்டிலேயே ஒரு நிலைமின்காட்டி

ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவிதான் நிலைமின்காட்டி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக அதைச் செய்வதில் இறங்கினேன். புத்தகத்தில் அதற்குள் தொங்கும் கீற்றுகளுக்குத் தங்க இலை (மெல்லிய தங்கத் தகடு) போட்டிருக்கிறது. நமக்குச் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் போதும்.

ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். பிளாஸ்டிக் மூடியில் சூடான ஆணியால் துளையிட்டு, ஒரு சாண் செம்புக்கம்பியை நுழைத்துவிடுங்கள். மேல்முனையைச் சுருட்டி உருண்டையாக்கி, கீழ்முனையைக் கொக்கியாக வளைத்து, 3 செ.மீ. நீளத்தில் இரண்டு தாள் கீற்றுகளைச் சேர்த்துத் தொங்கவிடுங்கள். எனக்குக் காட்பாடியில் ஒரு வைண்டிங் கடையில் கம்பி சும்மாவே கிடைத்தது. ஆனால் அதில் வார்னிஷ் பூச்சு இருக்கும். இரு முனையையும் பிளேடால் சுரண்டிவிடுங்கள்.

அரை இஞ்ச் பிவிசி குழாயைத் தலைமுடியில் தேய்க்க வேண்டும். பலூனைவிட எனக்குக் குழாய்தான் பிடிக்கும், வெடிக்காது. எண்ணெய் வைத்த தலை உதவாது. ஷாம்பு போட்டுக் காய்ந்த தலையாகப் பிடியுங்கள். தேய்க்கும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் குழாய்க்குத் தாவும். குழாய் எதிர்மின், முடி நேர்மின். புரோட்டான் அணுக்கருவை விட்டு அசைவதில்லை. வெறும் 1 நானோ கூலூம் (மின்னூட்டத்தின் அலகான கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு) மின்னூட்டத்துக்கே சுமார் 624 கோடி எலக்ட்ரான்கள் இடம் மாற வேண்டும்.

குழாயை உருண்டைக்கு அருகில் கொண்டுபோனால், தொடாமலேயே கீற்றுகள் விரியும். குழாய் விரட்டும் எலக்ட்ரான்கள் கம்பிவழியே கீற்றுகளுக்கு ஓட, ஒரே வகை மின்னூட்டம் பெற்ற இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. விலக்கினால் மூடிக்கொள்ளும். விரிந்தே நிற்க வைப்பதில்தான் மூன்று நாள் திண்டாடினேன்.

குழாயை அருகில் பிடித்தபடியே உருண்டையை விரலால் தொடுங்கள். கீற்றுகள் படுத்துவிடும். குழாயிடமிருந்து விலகி ஓடிய எலக்ட்ரான்கள் உங்கள் உடல்வழியே வெளியேறிவிட்டன. இப்போது விரலை எடுங்கள். அப்புறம்தான் குழாய். நான் குழாயை முதலில் எடுத்தேன். போனதெல்லாம் விரல்வழியே திரும்பி வந்துவிட்டது. கம்பிமேல் பழி போட்டு இரண்டு முறை மாற்றியதுதான் மிச்சம்.

சரியாகச் செய்தால் கீற்றுகள் மறுபடி விரியும். எலக்ட்ரான்கள் குறைந்துவிட்டதால் இப்போது கீற்றுகளில் இருப்பது நேர்மின். சந்தேகமா? தேய்த்த குழாயை மெல்ல அருகில் கொண்டுவாருங்கள், கீற்றுகள் சுருங்கும். பட்டில் தேய்த்த கண்ணாடித் தண்டு என்றால் இன்னும் விரியும். அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது பட்டு. அம்மாவின் ஆரணிப் பட்டில் கை வைத்து நான் வாங்கிக்கொண்டது வேறு.

பின்சேர்ப்பு: ஐப்பசி மழையில் செய்து பார்த்த சிலர், கீற்று நிற்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஈரக்காற்றில் மூடிமேல் நீர்ப்படலம் படிந்தால் மின்னூட்டம் அதன்வழியே ஒழுகிவிடும். பாட்டிலையும் மூடியையும் ஹேர் டிரையரில் காட்டிவிட்டுச் செய்யுங்கள். நான் செய்தது சித்திரை வெயிலில், வேலூரில். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் கீற்றுகள் விரிந்தே இருந்தன.