கடற்கரையில் ஆவணப்படம்: பள்ளி மாணவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மீடியா புராஜெக்டுக்காக எடுக்கும் ஐந்து நிமிடப் படம் கம்ப்யூட்டர் முன்னால் கெடுவது குறைவு. பெரும்பாலும் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் கரையிலேயே கெட்டுப்போகிறது. "எடிட்டிங்ல பாத்துக்கலாம்டா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் இதற்கு மூலகாரணம். காற்று தின்ற குரலையும் வெளிறிப்போன வானத்தையும் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.

தேதியிலேயே தப்பு

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மீனவர் வாழ்க்கையைப் படமெடுக்கப் போவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அத்தனையும் கரையில் நிற்கும். மீன் இறங்கும் காட்சி வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். உண்மையில் அந்த இரண்டு மாதம் படமெடுக்க நல்ல காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். பேசுவதற்கு ஆட்களுக்கும் நேரம் இருக்கும். கதையை அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற மாதங்களிலும் ராமேஸ்வரம் விசைப்படகுகள் தினமும் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் முறை. வழக்கமாகத் திங்கள், புதன், சனி. அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகு மறுநாள் காலை திரும்பும். ஆகவே மீன் இறங்குவதை எடுக்கச் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் படகுத்துறையில் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று முறை மாறும். முந்தின நாள் அங்கே யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று

இந்தக் கரையில் படத்தைக் கெடுப்பதில் முதலிடம் காற்றுக்குத்தான். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். போனில் உள்ள குண்டூசித் தலை அளவு மைக் அங்கே என்ன செய்யும்?

காற்று மைக்கின் சவ்வை நேரடியாகத் தள்ளுகிறது. 'புடபுட'வென்று கேட்கும் அந்த இரைச்சலில் ஒலி அளவு உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டுவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எடிட்டிங்கில் வடிகட்டினால் லேசான இரைச்சல் போகும். வெட்டுப்பட்ட குரல் திரும்ப வராது. காலர் மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு, வீட்டுக்குள் 'ப', 'ஃப' ஊதலைத் தடுப்பதற்கானது. கடற்கரைக்கு ரோம உறை வேண்டும்.

உறையை விட முக்கியம் இடம். கச்சான் என்ற மேற்குத் திசைக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கம் கொந்தளிக்கும், வடகடல் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். பாம்பன் தீவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது பெரிய தூரமும் இல்லை. அதுவும் முடியாவிட்டால் கரையேற்றிய வல்லத்தின் (நாட்டுப்படகின்) மறைவிலோ ஓலைக் கொட்டகைக்குப் பின்னாலோ பேட்டி கொடுப்பவரை உட்கார வையுங்கள். காற்று அவர் முதுகுப் பக்கம் இருந்து வரட்டும். உடம்பே தடுப்பாக நிற்கும்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. காலர் மைக் ஒயரின் செருகு முனையில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கானது. இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. இரண்டு வளைய மைக்கைச் செருகினால் போன் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது, சத்தமில்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ரெக்கார்ட் போட்டு, சட்டையில் குத்திய மைக்கை நகத்தால் சுரண்டி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். 'கரகர'வென்று கேட்டால்தான் மைக் வேலை செய்கிறது.

மைக் வாங்கக் காசு இல்லையென்றால் இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, பேசுபவரின் சட்டைப் பையில் மைக் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல் போதும். நீளமான பேட்டியில் போகப் போக உதடும் குரலும் விலகும். போன் கேமரா ஒரே சீரான ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்யாததே காரணம். வீடியோவை முதலில் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'நிலையான ஃப்ரேம் வேகம்' என்ற அமைப்பில் மாற்றிவிட்டு எடிட் செய்தால் விலகாது.

பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போட அது வேண்டும். சினிமாப் பாட்டை எடுத்துப் போடும் ஆசையும் பாதி குறையும். அந்தப் பாட்டோடு யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரும் என்பது தெரிந்த கதை.

கேள்வியும் கையும்

கடல்பாசி எடுக்கும் அக்காவிடம் "கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்டால் "ஆமா தம்பி" என்பதோடு முடிந்துவிடும். "இன்னைக்கு எத்தனை மணிக்கு இறங்குனீங்க? விரல்ல ஏன் துணி சுத்தியிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பாறை கிழிப்பதில் தொடங்கி அன்றைய பாடு முழுக்க வரும். பதில் சொல்லி முடித்ததும் மூன்று விநாடி சும்மா இருங்கள். பல சமயம் நல்ல வரி அதற்கப்புறம்தான் வரும். நடுவில் 'ம்ம்', 'சரிக்கா' சொல்லாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். பிறகு அந்தத் துணி சுற்றிய விரல்களைக் கிட்டத்தில் வைத்துப் பத்து விநாடி ஆடாமல் எடுங்கள். பேட்டியில் எங்கே வெட்டினாலும் மூட அது உதவும்.

வெளிச்சம், விளக்கு

கடலைப் பின்னணியாக வைத்து ஆளை நிறுத்தினால் முகம் கறுத்துவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். அப்படியும் வானம் வெளுத்தால் ஆளைக் கடலுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். கட்டக் கோடுகளை ஆன் செய்து கடல்மட்டத்தை ஒரு கோட்டோடு ஒட்ட வையுங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலும் கடல் வழிவது போலத் தெரியும்.

வலைக் கூடத்திலோ வகுப்பறையிலோ டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறதா? நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்துங்கள். கோடு போய்விடும்.

உப்பு

ஒரு மணி நேரம் கரையில் நின்றால் லென்ஸ் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஏறும். படம் பனி மூட்டம் போட்டதுபோல வரும். சட்டை நுனியால் துடைப்பதுதான் எல்லோரும் செய்வது. மணலும் உப்புத் துகளும் கண்ணாடியைக் கீறுவதும் அப்போதுதான். முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். டிரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ஈரம் பட்ட போனுக்கு உடனே சார்ஜ் போடாதீர்கள்.

அனுமதி

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. யாரோ ஒருவர் டிரோன் வைத்திருக்கிறார் என்பதற்காகப் பறக்கவிட்டுவிட்டு ஸ்டேஷனில் உட்கார வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தை முதலில் பாருங்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் போனுக்குத் தடை. மூன்றாம் பிரகாரத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று: கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை மூன்றும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வலையில் சிக்கியதை ஒருவர் தூக்கிக் காட்டுவதை முகத்தோடு எடுத்து இணையத்தில் ஏற்றினால், மாட்டிக்கொள்வது அவர். கையை மட்டும் எடுத்தாலும் பேச்சில் ஊர் பேர் வந்துவிடும். அந்தக் காட்சியை விட்டுவிடுவதே நல்லது. பேட்டி தருபவரிடம் எங்கே வெளியிடப் போகிறோம் என்பதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடம்.

எழுத்து

ஹைடெக் லேபில் படமும் ஒலியும் ஒழுங்காக இருந்து தலைப்பு மட்டும் உடைந்து நிற்பது வாடிக்கை. 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோட் மென்பொருளில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோடிலேயே அடித்து நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள். போட்டோஷாப்பில் உடைந்தால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றுங்கள். சப்டைட்டில் கோப்பை யூ.டி.எஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும்.

ஒப்படைக்கும் முன்

1080பி வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி, 4கே என்றால் அதைப்போல மூன்று மடங்கு. கிளம்பும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளித் திரைக்கு 1080பி தாராளம். நண்பர்களுக்குள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுங்கிப்போகும்; டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். போனில் எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிவான வீடியோ பழைய லேப் கணினியில் ஓடாமல் போகலாம். கேமரா அமைப்பிலேயே எச்.264-க்கு மாற்றுங்கள். ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. படத்தைத் திரையிடப்போகும் அதே கணினியில், அதே ஸ்பீக்கரில் முந்தின நாளே ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஒலி ஒரு பக்கம் மட்டும் வந்தால், காலர் மைக் பதிவை மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலியாக) மாற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய அன்றைக்கே நேரம் இருக்கும்.